பெயரில் இல்லாத வீடு

மச்சான்,

இன்று காலை தபாற்கந்தோரில் அரக்கு உருகும் வாசனை மூக்கில் ஏறியதும் உங்கள் நினைவு வந்துவிட்டது. பதிவுத் தபாலுக்கு அரக்கு வைக்கும் மேசையோரம் நின்றுகொண்டிருந்தேன். கையில் இருந்தது இராமநாதபுரத்து வங்கிக்குப் போகும் கடிதம். அங்கே உங்கள் கணக்கில் மிஞ்சிக் கிடக்கும் கொஞ்சப் பணத்தை மட்டக்களப்பு வங்கியில் உங்கள் மனைவி, என் உடன்பிறந்த ராத்தாவின் கணக்குக்கு மாற்றித் தாருங்கள் என்று கேட்டு எழுதியது. இப்படி எத்தனை கடிதம் எழுதினேன் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். மரணச் சான்று அனுப்பினால் வாரிசுச் சான்று கேட்கிறார்கள். அதை அனுப்பினால் அரசாங்க அதிபரின் கச்சேரி முத்திரை எங்கே என்கிறார்கள். நீங்கள் இருந்தபோது உங்கள் பணத்துக்காக நடந்தேன், போன பிறகும் அதற்காகவே நடக்கிறேன். செருப்புக் காசையாவது எனக்கென்று வைத்துவிட்டுப் போயிருக்கலாம் நீங்கள்.

பரமக்குடிப் பக்கத்திலிருந்து தலைமன்னார்க் கப்பலில் வந்து, கல்முனைக் கடைத்தெருவில் புடைவைக் கடை போட்டவர் நீங்கள். இந்தியாவிலிருந்து வியாபாரத்துக்கு வரும் முஸ்லிம்களை எங்கள் பக்கத்தில் சம்மாங்காரர் என்போம். என் ராத்தாவை மணந்து எங்கள் வளவுக்குள் வந்த பிறகும், மகள் பிறந்து அவள் ஓதப்போகும் வயதுக்கு வந்த பிறகும், ஊருக்கு நீங்கள் சம்மாங்காரர்தான். உங்கள் பேச்சில் இரண்டு ஊரும் கலந்து கிடந்தது. கோபம் வந்தால் மட்டும் முழுக்கப் பரமக்குடி.

எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்கு. உம்மா மகளுக்கு எழுதுவா, மகள் தன் மகளுக்கு எழுதுவாள். ஆண்கள் கட்டிய சாரத்தோடு வந்து மனைவியின் வீட்டில் ஏறிக்கொள்வோம். நீங்கள் வந்த புதிதில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள். “எங்க ஊர்ல ஒருத்தன் இப்படி இருந்தா வீட்டோட மாப்பிள்ளைன்னு கேலி பண்ணுவாங்க மச்சான். இங்க வயலும் வண்டியுமா இருக்கிற போடியாரும் அப்படித்தான் இருக்காரு” என்றீர்கள். நானும் மனைவி வீட்டில் இருப்பவன் என்பதால் எனக்கு அதில் சிரிக்க ஒன்றும் இருக்கவில்லை.

ஊரில் இருந்த உங்கள் உம்மாவுக்கு நீங்கள் அனுப்பும் பணம்தான் அடுப்பெரித்தது. முதலில் தபாற்கந்தோரில் காசுக்கட்டளை வாங்கி அனுப்புவீர்கள், அது அரை மணி நேர வேலை. பிறகு சட்டம் வந்தது. இந்த நாட்டுக் காசு வெளியே போவதானால் கொழும்பின் அனுமதி வேண்டும், வங்கிக் கணக்கிலிருந்து வங்கிக் கணக்குக்குத்தான் போகவேண்டும் என்றார்கள். வங்கி இருந்தது மட்டக்களப்பில். வழக்குப் பேசும் பிரக்கிராசியாரின் கந்தோரில் காணி உறுதி எழுதும் கிளாக்கரான எனக்கு இங்கிலீசு தெரியும் என்பதால் உங்களோடு பஸ் ஏறும் வேலை என் தலையில் விழுந்தது.

இந்தியாவில் உங்கள் உம்மாவும் கணக்குத் திறக்கவேண்டி வந்தது. மாட்டுவண்டியில் ஏற்றி இராமநாதபுரத்துக்குக் கூட்டிப்போனார்கள். உங்கள் தம்பியைக் கொண்டு அவர் எழுதுவித்த கடிதத்தைக் கல்லடிப் பாலத்தில் பஸ் நின்றபோது எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். “நீ உழைத்த காசு எனக்கு வர, என் பெருவிரலைப் பிடித்து ஏன் மையில் அமுக்குகிறார்கள்?” என்று கேட்டிருந்தார். நீங்கள் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டு வாவியைப் பார்த்தீர்கள்.

வங்கியில் ஒரு நீள வாங்குப் பலகை. அதில் நாம் இருந்து எழுந்த நேரத்தில் ஒரு வயலை உழுது முடித்திருக்கலாம். அனுமதி வந்தால் ரசீது காணாது, ரசீது கிடைத்தால் கையொப்பம் வைப்பவர் லீவு. போன பணம் எங்கே நிற்கிறது என்று அவர்களுக்கும் தெரியாது. “காசுக்குக் கால் இல்ல மச்சான், நம்ம கால்லதான் அது கடல் தாண்டணும்” என்பீர்கள். எனக்கு எரிச்சலாக வரும். ஆனாலும் அடுத்த மாதமும் வந்தேன்.

பணம் அனுப்ப நீங்கள் ஒரு வாக்குமூலம் கொடுக்கவேண்டியிருந்தது. நான் இந்த நாட்டில் தற்காலிகமாக இருப்பவன், என்னை நம்பி இருப்பவர் இந்தியாவில் இருக்கிறார், எனக்கு இங்கே வீடோ காணியோ இல்லை என்று. கடைசி வரியை எழுதுமுன் நான் உங்களைப் பார்த்தேன். “இல்லத்தானே. அது உங்க ராத்தா வீடு” என்றீர்கள். அதில் பொய் என்ன இருக்கிறது? கல்முனையில் எந்த ஆணைக் கேட்டாலும் அந்தப் பதில்தான் வரும். வீடு வாசல் இல்லாதவர் என்றால் அனுமதி லேசாகக் கிடைக்கும் என்று வங்கிக் கிளாக்கரும் தலையை ஆட்டினார். அப்படியே கிடைத்தது. பல வருடம் உங்கள் உம்மா அந்த வரியில் சோறு சாப்பிட்டார்.

பிறகு இந்தியாக்காரரின் வதிவிட அனுமதியை விசாரிக்கும் காலம் வந்தது. கச்சேரியில் ஓர் அதிகாரி இருந்தார், கொழும்பிலிருந்து வந்தவர். கெட்ட மனுசர் என்று சொல்ல மாட்டேன். நம்மை உட்காரச் சொன்னார். நீங்கள் தமிழில் சொல்ல நான் இங்கிலீசில் சொன்னேன். மனைவி இங்கே, மகள் இங்கே, கடை இங்கே, ஆகவே நிரந்தரமாக இருக்க விடுங்கள் என்றோம். அவர் உங்கள் வங்கி வாக்குமூலங்களை எடுத்து மேசையில் வைத்தார்.

“வங்கியில் உன் வீடு அங்கே என்கிறாய். என்னிடம் வந்து இங்கே என்கிறாய். எது உண்மை?”

எங்கள் வழக்கத்தை விளக்கினேன். இங்கே ஆணுக்கு வீடு இருப்பதில்லை, எனக்கும் இல்லை என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “உன்னை யாரும் வெளியேறச் சொல்லவில்லையே” என்றார். நியாயமான பேச்சு. விண்ணப்பத்தை மறுத்து, நாட்டைவிட்டுப் போகக் கெடு வைத்து அனுப்பினார்.

என் பிரக்கிராசியார் ஒரு வழி சொன்னார். வீட்டில் பாதியையாவது உங்கள் பெயருக்கு ராத்தா எழுதிக் கொடுத்தால் அந்த உறுதியை வைத்து மேன்முறையீடு செய்யலாம், கெடு முடியக் கொஞ்ச நாள் இருக்கிறது என்றார். அன்று பகல் சாப்பாட்டில் நான் அதைச் சொன்னதும் ராத்தா யோசிக்கவே இல்லை. “எழுதிடுவம். ஆள் இல்லாட்டி ஊடு என்னத்துக்கு?” என்றா. எங்கள் உம்மாவும், “ஓம் மகள், எழுது. சனம் கதைச்சாக் கதைக்கட்டும்” என்றா. அந்த வீட்டை உம்மாவுக்கு எழுதியது அவவின் உம்மா. உம்மா அப்படிச் சொன்னது எனக்கே ஆச்சரியம்.

நீங்கள் கை கழுவிவிட்டு வந்து என்னிடம்தான் கேட்டீர்கள்.

“மச்சான், நீ உறுதி எழுதுறவன். சொல்லு. வீடு என் பேருக்கு வந்தபிறகு நான் மௌத்தாப் போனா யாருக்கு?”

“ராத்தாக்கும் புள்ளைக்கும்.”

“அவங்களுக்கு மட்டுமா?”

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

“எங்க உம்மாவுக்குப் பங்கு இருக்கு. தம்பிக்குப் பங்கு இருக்கு. அது அல்லாஹ் வெச்ச பங்கு, நான் இல்லேன்னு சொல்ல ஏலாது. தம்பி கப்பலேறி வந்து கேட்டா, எம்புள்ள எந்த அறையைக் குடுப்பா?”

“இஞ்ச இரிக்க அனுமதி தந்த பொறகு புள்ளட பேருக்கு எழுதிடலாமே மச்சான்.”

“எழுதின அன்னைக்கே நான் மறுபடியும் வீடில்லாதவன். மறுபடியும் கச்சேரி.”

ராத்தா அழுதா. அழுதுகொண்டே உங்களை ஏசினா. “புள்ளக்கி வாப்பா வேணுமா, ஊடு வேணுமா?” என்று கேட்டா. உங்கள் உம்மாவுக்கு அனுப்புவதை நிறுத்தினால் ஒருவேளை அதிகாரி இரங்குவார் என்று நான் மெல்லச் சொன்னேன். நீங்கள் என்னைப் பார்த்த பார்வையில் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கெடு முடிந்தது. கடையை மலிவாக விற்று, அந்தப் பணத்தையும் கொண்டுபோக அனுமதி இல்லாமல், ஒரு தகரப் பெட்டியோடு போனீர்கள். மகள் பஸ்ஸுக்குப் பின்னால் ஓடவில்லை. வேலிக்குள்ளே நின்றாள்.

அதற்குப் பிறகு எல்லாம் தலைகீழாக நடந்தது. பரமக்குடியில் யாருடைய கடையிலோ துணி கிழித்துக் கொடுத்துக்கொண்டு நீங்கள் ராத்தாவுக்குப் பணம் அனுப்பத் தொடங்கினீர்கள். இப்போது இந்தியாவின் அனுமதி. இப்போது ராத்தாவுக்குக் கணக்கு. முக்காட்டை இழுத்துவிட்டபடி அதே வாங்கில் அவ இருக்க, அதே கிளாக்கர் புருசன் எங்கே வதிகிறார் என்று கேட்டார். ராத்தா என்னைப் பார்த்தா. நான் இந்தியா என்றேன்.

சில மாதம் பணம் வந்தது, சில மாதம் வரவில்லை. ஒருமுறை நீங்கள் எழுதினீர்கள், இங்கே என் பேரில் வீடு இருக்கிறதா என்று கேட்டார்கள், உம்மா வீடு என்று சொன்னேன் என்று. அதைப் படித்து நான் சிரித்தேன். சிரித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன், இப்போது சொல்கிறேன்.

பிறகு தந்தி வந்தது. நெஞ்சு நோவாம். ராத்தா கைம்பெண்ணுக்குரிய இத்தாவில், வெளியே இறங்காமல் இருந்தா. அந்த நாட்களுக்குள்ளேயே உங்கள் தம்பியின் கடிதம் வந்தது, அண்ணன் அங்கே சொத்து ஏதும் வைத்துப் போனாரா என்று. குறை சொல்லமாட்டேன், கேட்க வேண்டியதைத்தான் கேட்டார். அவர் பெயரில் ஒன்றும் இல்லை என்று எழுதினேன்.

மச்சான், போன வெள்ளிக்கிழமை உங்கள் மகளைப் பார்க்கச் சாய்ந்தமருதிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். நல்ல சனம். மாப்பிள்ளையின் மாமா வீட்டைச் சுற்றிப் பார்த்தார், கிணற்றை எட்டிப் பார்த்தார். உட்கார்ந்ததும் வழமையான கேள்வியைக் கேட்டார்.

“ஊடு உம்மா எழுதுறதா?”

“கையொப்பம் உம்மாட. குடுக்கிறது வாப்பா” என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை. ஊர்க்கதை கொஞ்சம் தெரிந்தவர்போல. “அவருக்கு இஞ்ச ஊடு வாசல் ஒண்ணுமில்ல எண்டுதானே அனுப்பின?” என்று கேட்டார்.

“ஓம்” என்றேன். “இருந்தத்த புள்ளக்கி வெச்சிட்டுப் போனார். அதான் இல்லாமப் போச்சி.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு தேத்தண்ணி வந்தது, பேச்சு நாள் குறிப்பதற்குப் போனது. நான் மனசில் அந்தக் கச்சேரி அதிகாரியின் மேசைக்கு முன்னால்தான் இன்னும் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பதிலை இங்கிலீசில் சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை, மச்சான்.