மொட்டைத் தீவின் மஞ்சள் முடிச்சு

அக்கா,

போன சனிக்கிழமை காலையில் மொட்டைத் தீவில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான், என் வீட்டுக்காரர், சம்பான் படகு தள்ளி வந்த பர்மாக்காரர் கோ தான், படித்துறைக் குடிசையிலிருந்து பாக்கியம், நிலக் குழுவிலிருந்து வந்த பர்மாக்கார அதிகாரி ஒருவர். இருக்க வேண்டிய நீங்கள் இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

சம்பான் கரை தொடுவதற்கு முன்பே வாடை வந்துவிட்டது. பலாப்பழம் மரத்திலேயே வெடித்து, கீழே விழுந்து, சேற்றோடு சேர்ந்து அழுகும் வாடை. அந்த மணம் இந்தத் திட்டில் என்றைக்கு வரும் என்று நாம் இரண்டு பேரும் எத்தனை தடவை பேசியிருப்போம்! வந்த பிறகு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கினேன். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

இப்போது நீங்கள் பார்த்தால் உங்களுக்கே அடையாளம் தெரியாது. சண்டைக் காலத்தில் ஒரு குச்சி மிச்சமில்லாமல் விறகுக்கு வெட்டிக்கொண்டு போன திட்டு, இன்று வெயில் தரையில் விழாத தோப்பு. தென்னை, பலா, மா, முருங்கை, புளி, மூங்கில், வேம்பு எல்லாம் நிற்கின்றன. ஒவ்வொன்றின் இடுப்பிலும் நீங்கள் கட்டிய மஞ்சள் துணி. பழசு இற்றுப்போனால், ஆடிக்கு ஆடி படித்துறைப் பெண்கள் அந்த முடிச்சின் மேலேயே புதுசு கட்டுகிறார்கள். தானாக முளைத்த கன்றுக்கும் கட்டுகிறார்கள். சில மரங்களில் துணி இறுகிப் பட்டைக்குள் இறங்கிவிட்டது. பக்கத்தில் பக்கத்தில் நெருக்கி நிற்பதால் இளந்தென்னைகள் வெளிச்சம் தேடி வளைந்து போகின்றன. ஒன்றைக் களைய விடமாட்டார்கள். ஒரு கீரை பறிக்க விடமாட்டார்கள்.

அதிகாரி நல்ல மனிதர்தான். சுற்றிப் பார்த்ததில் தாகம் எடுத்து, குட்டைத் தென்னை ஒன்றில் கை வைத்தார். கோ தான் பாய்ந்து போய் அவர் கையைப் பிடித்துவிட்டார். பாக்கியம் அங்கேயே கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

“என்ன விஷயம், பாம்பா?” என்று அதிகாரி பர்மா மொழியில் கேட்டார்.

“பாம்பு இல்லை. தமிழங்களோட மாரியம்மா மரம்,” என்றார் கோ தான்.

“அந்த அம்மா இளநீர் குடிப்பாங்களா?”

“குடிக்க மாட்டாங்க. குடிக்கிறவனைப் பார்த்துக்கிட்டு இருப்பாங்க.”

அதிகாரி விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்த பிறகு கேட்ட கேள்விதான் எனக்கு இன்னும் உறைக்கிறது. “காய் எடுக்கறதில்லை, கம்பு எடுக்கறதில்லை, ஓலை எடுக்கறதில்லை. அப்ப இந்தத் தோப்பு யாருக்கு?” ஒருவருக்கும் உதவாத காடு என்று எழுதினால் மழைக்குப் பிறகு வெட்டிச் சணல் போடச் சொல்லிவிடுவார்களாம். இங்கே இருக்கிறவர்கள் எடுத்து அனுபவிக்கிறார்கள் என்று தெரிந்தால் தோட்டம் என்று எழுதி விட்டுவிடலாமாம். ஆடி கடைசியில் மறுபடியும் வந்து பார்ப்பதாகச் சொல்லிப் போனார்.

அக்கா, ஆரம்பத்தில் நீங்கள் இதை யாருக்காக ஆரம்பித்தீர்கள்? எனக்கு மறக்கவில்லை. போட்டாதாங் படித்துறையில் நாம் மீன் வாங்க நின்றபோது, மூட்டை தூக்குகிறவர்களின் பெண்கள் ஒரு கட்டு முருங்கைக்கீரைக்குப் பேரம் பேசி, விலை கட்டுப்படியாகாமல் திரும்பிப் போனார்கள். நீங்கள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கையை நீட்டி, “அவ்வளவு மண்ணு சும்மா கெடக்கு பாரு. ஒரு கொம்பு ஒடிச்சு நட்டா முருங்கை வராதா?” என்றீர்கள். அடுத்த வாரமே கோ தான் சம்பானில் நாம் இருந்தோம்.

அந்த வருஷம் நம் இரண்டு வீட்டிலும் பலாக்கொட்டைக் குழம்பு கிடையாது, கொட்டை எல்லாம் தீவில் நடுவதற்கு. லத்தா கடைத்தெருவில் சீனாக்காரர் சுளை விற்றுவிட்டுக் கூடையோடு எறியும் கொட்டையைக்கூட நீங்கள் கேட்டு வாங்கினீர்கள். “எங்க வீட்டம்மா அந்தத் தீவுக்குச் சீதனம் சேர்க்கிறா. கல்யாணம் என்னைக்குன்னுதான் சொல்ல மாட்டேங்கறா,” என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். நீங்கள் விடுவீர்களா? “மாப்பிள்ளை மொட்டையா இருக்காரு. முடி முளைக்கட்டும், பத்திரிகை வைக்கிறோம்,” என்றீர்கள்.

முதல் நடவை ஆடு தின்றது. இரண்டாவது நடவில் ஆள் உயரம் வந்த புளியங்கன்றுகளை யாரோ விறகுக்கு அரிந்துகொண்டு போனார்கள். வெட்டின தூர்களை நீங்கள் ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு எண்ணினீர்கள். உங்களை அப்படி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அந்த ஆடியில்தான் உங்கள் பழைய வேட்டி, சேலை எல்லாவற்றையும் கிழித்து மஞ்சளில் முக்கி எடுத்து வந்தீர்கள். மூன்றாவது தடவை நட்ட கன்றுகள் எல்லாவற்றுக்கும் மாரியம்மனை நினைத்துக் காப்புக் கட்டினீர்கள். கோயிலில் காப்புக் கட்டுவது போலவே, ஒரு சடங்கும் குறைக்காமல்.

“ஒரு வேம்புக்குக் கட்டினாப் போதாதாக்கா?” என்று கேட்டேன்.

“ஒண்ணுக்குக் கட்டினா ஒண்ணுதாண்டி நிக்கும்.”

“இத்தனையையும் யாரு அவுக்கிறது?”

“ஏன், எனக்குக் கையில்லையா? காய்க்கட்டும். நானே வந்து அவுத்து, முதக் காயை அம்மனுக்கு வச்சுட்டு, மிச்சத்தை எல்லாரும் தின்னுங்கன்னு சொல்லிடறேன்.”

அன்றைக்கு நாம் பொங்கல் வைத்ததைப் பார்த்துவிட்டுக் கோ தான் தன் பங்குக்கு ஒரு முழுத் தேங்காயில் சிவப்புத் துணி சுற்றி, தங்கள் காவல் தெய்வமான நாட் தேவதைக்கு என்று வேம்பில் தொங்கவிட்டார். “அக்கா, உங்க ஆள் ஒரு பக்கம், எங்க ஆள் ஒரு பக்கம். இனி திருடன் எந்தப் பக்கம் வருவான்?” என்றார். அதற்குப் பிறகு அரிவாள் அந்தத் தீவில் படவே இல்லை. ஆட்டுக்காரன் ஆட்டைக்கூட இறக்கவில்லை.

காய்க்கிற காலம் வந்தது. அதற்குள் உங்கள் கடையை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. ஊருக்குப் போகும் கப்பலுக்குப் பெயர் கொடுத்து, மூட்டை கட்டி, துறைமுகத்தில் சோதனைக்கு நின்று என்று எல்லாம் எவ்வளவு வேகமாக நடந்துவிட்டது! உங்கள் கழுத்தில் கிடந்த தாலியைக் காட்டி, அதை விட்டுவிடச் சொல்லிச் சோதனைக்காரர்களிடம் பேசிக்கொண்டிருந்தீர்கள். தடுப்புக்கு இந்தப் பக்கத்திலிருந்து நான் கத்தினேன், “அக்கா, தீவு, தீவு” என்று. உங்களுக்குக் கேட்டதா இல்லையா, தெரியாது. கையை ஆட்டினீர்கள். போய் வருகிறேன் என்று ஆட்டினீர்களா, அவிழ்த்துக்கொள் என்று ஆட்டினீர்களா? அதை நினைக்காத நாள் இல்லை.

ஊர் போய்ச் சேர்ந்து நீங்கள் போட்ட கடிதத்தில் மாமாவுக்கு இருமல் என்று இருந்தது, கிணற்றுத் தண்ணீர் உப்பு என்று இருந்தது. தீவைப் பற்றி ஒரு வரி இல்லை. நான் இரண்டு தடவை எழுதினேன். பதில் இல்லை. வீட்டு வரவு செலவு எழுதுகிற பழக்கத்தில் எந்தக் கன்று எந்த மழைக்கு வைத்தது, எது பிழைத்தது என்றெல்லாம் எழுதி வருகிறேன். வருஷா வருஷம் வரவுப் பக்கம் வெறுமையாக இருக்கிறது. எனக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. நானாகக் கற்றுக்கொண்ட எழுத்து. அதைக் கொண்டு எழுதுகிற கணக்கில் அந்தப் பக்கத்தை வெறுமையாக விட மனசு வரமாட்டேன் என்கிறது.

கோயில் பூசாரியிடம் கேட்டேன். “காப்பைக் கட்டினவங்கதாம்மா அவுக்கணும். இல்லேன்னா அவங்க வாயால உத்தரவு வரணும்,” என்றார். நீங்கள் இருப்பது கடலுக்கு அந்தப் பக்கம் என்றேன். “அம்மனுக்குக் கடல் தெரியாதா? கடுதாசி போட்டு வாங்குங்க,” என்றார்.

பாக்கியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் புருஷனுக்குத் துறையில் வேலை போன பிறகு கூலி கிடைக்கிற அன்றைக்குத்தான் அடுப்பு. அவள் சின்னவளுக்குக் கண் மங்குகிறது. கீரையும் பழமும் கொடு என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அன்றைக்குத் தீவில் முருங்கை மரத்தடியில் நின்றுகொண்டுதான் இதை என்னிடம் சொன்னாள். தலைக்கு மேலே கீரை ஆடுகிறது, அவள் ஏறிட்டும் பார்க்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

“பறிடீ. நான் சொல்றேன், பறி,” என்றேன்.

“நீங்க சொல்லுவீங்க. நாளைக்குப் புள்ளைக்கு அம்மை போட்டா யாரு அக்கா வந்து பாக்கிறது? கட்டின அக்கா ஒரு வரி எழுதட்டும். மொத முடிச்ச நானே அவுக்கிறேன்.”

கத்தரிக்கோலை மடியில் வைத்துக்கொண்டுதான் போயிருந்தேன். அவள் எதிரிலேயே வெட்டிக் காட்டிவிடலாம் என்று துணி வரைக்கும் கொண்டுபோனேன். கை நின்றுவிட்டது. வெள்ளி தவறாமல் விளக்குப் போடுகிறவள் நான். அம்மன் பேரால் போட்ட முடிச்சில் இரும்பு வைக்க எனக்கும் வரவில்லை. என் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, மறைக்க மாட்டேன். இவ்வளவு பேரை நம்ப வைத்தீர்களே, அதில் பாதி அக்கறையோடு அவிழ்க்கிறதையும் சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாதா? பிறகு நினைத்துக்கொள்கிறேன்: தாலிக்குப் பதில் சொல்லிக்கொண்டு நின்றவளிடம் முருங்கைக்கு உத்தரவு கேட்க முடியுமா? நினைத்த அடுத்த நிமிஷமே பலா விழும் சத்தம் ஞாபகம் வருகிறது, கோபமும் திரும்பி வருகிறது. கோயிலில் கண்ணை மூடினாலும் இதே கதைதான். பிள்ளைகளின் சாப்பாட்டை அழுக வைத்துப் பார்க்கிறவள் இல்லை நம் அம்மன். உங்களுக்கும் அது தெரியும். ஆனால் அதை நீங்கள் சொன்னால்தான் இவர்கள் காதில் ஏறும்.

ஆடி முதல் வெள்ளி வரைக்கும் காத்திருப்பேன். அதற்குள் ஒன்றும் வரவில்லையென்றால் நானே அவிழ்த்துவிடுவேன். வருகிற தோஷம் என் தலையோடு போகட்டும். ஆனால் நான் அவிழ்த்தால் துணிதான் கீழே விழும். பாக்கியம் கீரையில் கை வைக்க மாட்டாள். அதிகாரி வந்து அதே கேள்வியைக் கேட்பார், நான் அதே மாதிரி நிற்பேன்.

நீளமாக வேண்டாம். மாமாவை எழுதச் சொல்லாமல் உங்கள் கையாலேயே எழுதுங்கள். பாக்கியம் உங்கள் எழுத்தைப் பார்க்க வேண்டும். அவிழ்க்கலாம், எடுத்துச் சாப்பிடலாம், இரண்டே வரி. பதில் சீக்கிரம் போடுங்கள்.