யாரும் பேசாதபோது

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சௌக்கியம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அம்மாவின் இருமல் நின்றதா?

நேற்று அருங்காட்சியகப் பட்டறையில், ஊமையாகிப்போன ஒரு பழைய மைக்கைப் பிரித்தேன். உள்ளே ஒரு மெல்லிய தகடு, அதன் பின்னால் பொடிப்பொடியாகக் கரிமணிகள். பேசினால் தகடு அதிர்ந்து மணிகளை நெருக்கும், தளர்த்தும். நெருங்கினால் மின்சாரம் கூடும், தளர்ந்தால் குறையும். அந்தக் காலத்தில் குரல் இப்படித்தான் கம்பியில் ஏறியிருக்கிறது. இதில் மணிகள் கட்டிதட்டிப் போயிருந்தன. மூடியைத் திறந்து வைத்துக்கொண்டே தட்டிவிட்டேன், கொஞ்சம் கரி என் மூக்கில். கவலைப்படாதீர்கள், கழுவியதும் போய்விட்டது.

திரும்ப மாட்டி, பேட்டரியோடும் மீட்டரோடும் இணைத்ததும் பக்கத்து மேசைக்காரி, "ஏதாவது பேசிப் பாரு" என்றாள். "அப்பா, சாப்டீங்களா?" என்று வாயில் வந்துவிட்டது. மீட்டர் முள் துள்ளியது.

"ஏன், ஒன்னு ரெண்டு மூணு வராதா?" என்று சிரித்தாள்.

முள் தூக்கத்தில் நடப்பதுபோல மெல்லத் திரும்பி நின்றது. ஆனால் பூஜ்யத்துக்குப் போகவில்லை. யாரும் பேசாதபோதும் இதில் மின்சாரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். மத்தியானம் முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கருவிகளைத் துடைக்க உங்கள் பழைய பருத்திச் சட்டை ஒன்று அனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

தபால்காரர் வந்துவிட்டார். ஒன்றே ஒன்று. நான் போன் செய்தால், "இந்தா, அம்மாகிட்ட குடுக்கறேன்" என்று உடனே நழுவாதீர்கள். ஒன்றும் பேச வேண்டாம், கொஞ்ச நேரம் காதில் வைத்திருங்கள், போதும்.

உங்கள் மகள்