ஆலோசகர் ஒப்பந்தமும் உன் சாக்பீஸ் கோடும்

1. இக்கடிதத்தை எழுதுபவர் உன் தந்தை. முப்பத்தெட்டு ஆண்டுகள் வழக்கறிஞராக இருந்து, அதில் பெரும்பகுதியைப் பிறர் கையெழுத்திடப்போகும் பத்திரங்களைப் படித்துப் பார்ப்பதிலேயே கழித்தவர். தற்போது ஓய்வில் இருப்பவர். சுயநினைவோடும் புதிய மூக்குக்கண்ணாடியோடும் எழுதுகிறார்.

2. எழுதப்படுவது, இங்கிருந்து இரண்டு நாள் பயணத் தொலைவில், நாற்காலிகளுக்கும் சோபாக்களுக்கும் மெத்தை உறை தைக்கும் பட்டறை ஒன்றைச் சொந்தமாக நடத்திவரும் என் மகளுக்கு.

3. பேசப்படும் விஷயத்தில் எழுதுபவருக்குச் சொந்த நலன் ஒன்று உண்டு. அது உரிய இடத்தில் வெளிப்படுத்தப்படும்.

அன்பு மகளுக்கு,

நானும் அம்மாவும் இங்கே சௌக்கியமாக இருக்கிறோம். என் இடது முழங்கால் மட்டும் மருத்துவரின் தீர்ப்பை ஏற்காமல் மேல்முறையீடு செய்துகொண்டிருக்கிறது; மாடிப்படியில்தான் வாதாடுகிறது, சமதரையில் மௌனம். மாலை நடையில் அம்மா என்னைத் தாண்டிப் போய்த் தெருமுனையில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்க்கிறாள், ஏதோ நான் வாய்தாவுக்குத் தாமதமாக வந்ததுபோல. நீயும் நலமாக இருப்பாய் என்று எழுதத்தான் ஆசை, ஆனால் ஆதாரமில்லாமல் எழுதும் பழக்கம் எனக்கில்லை. உன் வலது மணிக்கட்டு வீக்கம் வடிந்ததா என்பதை முதலில் தெரிவி. “பரவாயில்லப்பா” என்பது பதிலாக ஏற்கப்பட மாட்டாது.

ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில், “கோச் வெச்சுக்கலாமா வேணாமா, ஒரு வார்த்தை சொல்லுங்கப்பா, போதும்” என்று கேட்டாய். எழுதி அனுப்புகிறேன் என்றதும், “அதானே பாத்தேன்” என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டாய். வாய்மொழியாக யோசனை சொல்லிப் பிற்பாடு நான் அப்படிச் சொல்லவில்லையே என்று மறுக்கும் நிலைக்கு ஆளானவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆகவே தாமதத்தைப் பொறுத்துக்கொள். விஷயத்தை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன், பிழையிருந்தால் திருத்து. திரையரங்கு ஒன்று தன் நானூற்றுப் பதினாறு இருக்கைகளையும் உன்னிடம் கொடுக்க முன்வந்திருக்கிறது. மாத இறுதிக்குள் பதில் சொல்லியாக வேண்டும். இப்போதைய வேகத்தில் எடுத்தால் முடிக்க முடியாது, விட்டால் பட்டறை இதே அளவில் நின்றுவிடும். எங்கே சிக்கல் என்று கண்டுபிடிக்கத்தான் ஓர் ஆலோசகரை ஓராண்டுக்கு அமர்த்தலாமா என்று பார்க்கிறாய். நீ கோச் என்கிறாய், நீ அனுப்பிவைத்த ஒப்பந்தம் ஆலோசகர் என்கிறது. நான் ஒப்பந்தத்தின் பக்கம் நிற்கிறேன்.

நம் வீட்டுக்குக் கீழே மருந்துக்கடை வைத்திருப்பவருக்கு இந்தத் துறையில் அனுபவம் உண்டு என்பதால் அவரிடமும் விசாரித்தேன். போன வருடம் அவர் அமர்த்திய ஆலோசகர், கடை முழுவதையும் நிற வாரியாக அடுக்கச் சொன்னாராம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. இருமல் மருந்து எங்கே என்று கேட்டவர்களுக்கு இவராலேயே பதில் சொல்ல முடியவில்லை. மூன்று வாரத்தில் பழையபடி மாற்றி அடுக்கிவிட்டார். “சார், வேணவே வேணாம்னு எழுதுங்க சார், கீழ என் பேரையும் போட்டுக்கோங்க” என்றார். அவருடைய வாக்குமூலத்தைப் பதிவு செய்துகொண்டேன், ஆனால் உன் ஆலோசகர் வேறு மாதிரி என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் முதல் நாள் வந்து, ஸ்டூலைப் போட்டு இரண்டு மணி நேரம் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்து, கிளம்பும்போது, “துணி வெட்டறதுக்குச் சாக்பீஸ் கோடு நீங்க மட்டும்தான் போடுவீங்களா?” என்று கேட்டதாகவும், இந்த ஒரு கேள்விக்கா இத்தனை பக்க ஒப்பந்தம் என்றும் எரிச்சலோடு எழுதியிருந்தாய். பேசுவதற்குக் கட்டணம் வாங்கும் ஒருவர் இரண்டு மணி நேரம் பேசாமல் இருந்தார் என்பதே அவருக்குச் சாதகமான சாட்சியம்.

ஒப்பந்தத்தோடு அவருடைய இருபத்திரண்டு கேள்விகளையும் உன் பதில்களையும் இணைத்திருந்தாய். பதில்களை இரண்டு முறை படித்தேன், இரண்டாம் முறை தேவையில்லாமல், சந்தோஷத்துக்காக. எந்த ரெக்ஸின் எத்தனை மாதத்தில் வெடிக்கும், எந்த ஸ்பாஞ்ச் அமுங்கினால் எழும்பாது, எந்த வாடிக்கையாளர் எதற்காகத் திரும்பி வந்தார், எல்லாம் தேதியோடு. என் ஜூனியர்கள் எவரும் இவ்வளவு சுத்தமாக ஒரு வழக்குக் குறிப்பு எழுதித் தந்ததில்லை. ஆனால் பதினேழாவது கேள்வி, ‘நீங்கள் பத்து நாட்கள் இல்லாவிட்டால் எந்த வேலை நிற்கும்?’ என்பது. அதற்கு எதிரே இடம் வெறுமையாக இருக்கிறது. இருபத்தொன்றுக்குப் பதில் எழுதியவள் ஒன்றை மறந்திருக்க மாட்டாள்.

இந்த இடத்தில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். நீ வெளிவேலையாகப் போகும் நேரமாகப் பார்த்து, கிழிந்த சோபா வைத்திருக்கும் வாடிக்கையாளர் என்று சொல்லிக்கொண்டு உன் பட்டறைக்கு நான்கு முறை தொலைபேசியில் பேசினேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். முதல் மூன்று முறையும் மூன்று வெவ்வேறு குரல்கள், ஒரே பதில்: “அக்கா வந்து கோடு போட்டாத்தாங்க வெட்ட முடியும்.” நான்காவது முறை எடுத்தவர், உங்கள் பட்டறையில் துணி வெட்டும் மூத்தவர், நீங்கள் எல்லோரும் மில்லிமீட்டர் அண்ணன் என்று கூப்பிடுகிறவர். இரண்டே நிமிடத்தில், “ஐயா, நீங்க அக்காவோட அப்பாதானே? சோபா கிழிஞ்சதுக்கு ‘மதிப்பீட்டை எழுத்து மூலமா தர இயலுமா’ன்னு எந்த கஸ்டமரும் கேக்க மாட்டாங்க” என்றார். மறுக்க வழியில்லை. “எல்லாரும் வாங்க, அக்காவோட அப்பா சோபா ரிப்பேருக்கு வந்திருக்காரு” என்று அவர் கூவியதும், தையல் இயந்திரங்கள் நின்று சிரிப்புச் சத்தம் எழுந்ததும் எனக்குத் தெளிவாகவே கேட்டது. உன்னிடம் யாரும் சொல்லவில்லை என்றால், நான் கேட்டுக்கொண்டபடி நடந்திருக்கிறார்கள், அவர்களைக் கோபிக்காதே.

சிரித்து முடித்தபின் அவர் சொன்னதை அப்படியே தருகிறேன். “டயாலிசிஸ் சென்டர் நாற்காலி வந்தப்ப அக்கா என்ன செஞ்சாங்க தெரியுமா ஐயா? அங்கேயே போய் ஒரு நாள் முழுக்க அந்த நாற்காலியில உக்காந்து பாத்தாங்க. நாலு மணி நேரம் ஊசியோட கையை வெச்சிருக்கிறவங்களுக்குத் தையல் எங்க உறுத்தும்னு. கை படற இடத்துல தையலே வராத மாதிரி மாத்திட்டாங்க. முப்பது வருஷமா வெட்டறேன், எனக்குத் தோணலை.” இதைத் தேதி போட்டு என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். நீ இதை எங்களிடம் சொன்னதே இல்லை. பிறகு அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “ஆனா கோடு மட்டும் அக்காவேதான் போடணும். கை வீங்கியிருக்கு, அப்பவும். நான் போடறேன்னு சொன்னா, ‘அடுத்த ஆர்டர்ல பாக்கலாம்ணே’ன்னு சிரிச்சிடறாங்க. நம்ம மேல நம்பிக்கை இல்லையோன்னு சின்னவங்க நெனைக்கிறாங்க ஐயா” என்றார்.

ஆக, பட்டறையில் தடங்கல் எங்கே என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. உனக்கும் தெரியும், அதனால்தான் பதினேழு வெறுமையாக இருக்கிறது. ஆனால் அது எங்கிருந்து வந்தது என்பது உனக்குத் தெரியாமல் இருக்கலாம். என் அலுவலகத்தில் ஒவ்வொரு பக்கத்தின் கீழும் என் சுருக்கொப்பம் இல்லாமல் ஒரு காகிதமும் வாசலைத் தாண்டியதில்லை. நீ பள்ளி விட்டு வந்து அங்கேதான் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாய். எழுதி முடித்ததும் நோட்டை நீட்டி, கீழே சுருக்கொப்பம் போடச் சொல்வாய். நானும் பெருமையாகப் போட்டேன். நீ ஏழாம் வகுப்பில் இருந்தபோது சிறுநீரகக் கல்லுக்காக நான் பதினொரு நாள் மருத்துவமனையில் கிடந்தேன். வயதான தம்பதியின் குத்தகை நீட்டிப்புப் பத்திரம் மேசையில் தயாராக இருந்தது, இரண்டு ஜூனியர்கள் படித்துச் சரிபார்த்தது. என் ஒப்பம் இல்லை என்ற ஒரே காரணத்தால் அதை அனுப்பாமல் வைத்திருந்தார்கள். கெடு முடிந்தது, அவர்கள் பத்தொன்பது வருடம் இருந்த வீட்டைக் காலி செய்தார்கள். ஏன் மருத்துவமனைக்குக் கொண்டுவரவில்லை என்று ஜூனியர்களைத்தான் திட்டினேன். அந்தப் பத்திரத்தில் ஒரு எழுத்தும் பிழையில்லை. தப்பு என்னுடையது என்று இன்றுதான் முதன்முறையாக எழுதுகிறேன். உன் சாக்பீஸ் கோடு, நான் உயில் எழுதாமலே உனக்கு வந்துசேர்ந்த சொத்து.

எனவே என் கருத்து: ஆலோசகரை அமர்த்திக்கொள். இதைப் படித்துக் காட்டியபோது அம்மா கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, “நீங்களா சொல்றீங்க? கையெழுத்துப் போடுன்னா?” என்றாள். ஆமாம், நான்தான். நான் சொல்லி நீ கோடு போடுவதை விட மாட்டாய், பழக்கிவிட்டவனே விடச் சொன்னால் எப்படி எடுபடும்? மில்லிமீட்டர் அண்ணனுக்கு உன்னிடம் மரியாதை அதிகம், அழுத்திச் சொல்ல மாட்டார். வெளியாள் ஒருவர் வாரா வாரம் வந்து ஸ்டூலில் உட்கார்ந்து அதே கேள்வியைக் கேட்க வேண்டும். ஆனால் ஓராண்டு வேண்டாம், மூன்று மாதம் போதும். வேலை இன்னது என்று ஒரே வரியில் எழுதச் சொல்: நீ இல்லாத நாளிலும் பட்டறை வெட்டித் தைக்க வேண்டும். தானாகவே புதுப்பித்துக்கொள்ளும் ஆறாவது பிரிவை அடித்துவிடு. உன் வாடிக்கையாளர் பெயர்களைத் தம் வகுப்புகளில் பயன்படுத்திக்கொள்ளலாம் என்னும் ஒன்பதாவதையும் அடித்துவிடு. ஒப்பந்த வாசகத்தை மூன்றாம் நபருக்குக் காட்டக் கூடாது என்கிற பதினான்காவது இருக்கட்டும். கையெழுத்திடுவதற்கு முன்பே அதை மீறி எனக்கு அனுப்பிவிட்டாய், அந்தப் பெருமை எனக்கு.

இனி மூன்றாவது எண்ணில் ஒத்திவைத்த விஷயம். திரையரங்கை ஏற்றுக்கொள். முதல் வரிசை பதினெட்டு இருக்கைகளுக்கு மில்லிமீட்டர் அண்ணன் கோடு போடட்டும். போடும் பத்து நாட்களும் நீ அங்கே இருக்கக் கூடாது. எங்கே இருக்கலாம் என்று யோசித்தால், இங்கே உன் அறை சுத்தமாக இருக்கிறது, மணிக்கட்டுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்க ஆளும் இருக்கிறது. இந்த யோசனையால் எனக்கும் உன் அம்மாவுக்கும் நேரடி லாபம் உண்டு என்பதை வெளிப்படையாக அறிவிக்கிறேன். அதனால் யோசனை தவறாகிவிடாது என்றும் வாதிடுகிறேன். வரும்போது சாக்பீஸை அங்கேயே வைத்துவிட்டு வா.

உன் கை ஆறட்டும். நீ உட்கார்ந்து பார்த்துத் திருத்திய நாற்காலிகளில் உட்கார்கிறவர்கள் எல்லோரும் வலியில்லாமல் எழுந்து போகட்டும். பிரிவுகளை அடித்தால் இரு தரப்பும் பக்கத்தில் ஒப்பமிட வேண்டும், மறந்துவிடாதே. கடைசியாக ஒன்று. இக்கடிதத்தின் எந்தப் பக்கத்தின் கீழும் என் சுருக்கொப்பம் இருக்காது. தேடாதே, மறதியில்லை. எழுதி முடித்ததும் அம்மாவிடம் கொடுத்துவிடுவேன். அவளே ஒருமுறை படித்து, உறையில் போட்டு, ஒட்டி, தபாலில் சேர்ப்பாள். நான் திரும்பிப் பிரித்துப் பார்க்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
(கையொப்பம்)

சாட்சிகள்:

1. அம்மா. படித்தேன், ஒட்டப்போறேன். அதுக்குள்ள ரெண்டு தடவை கையை நீட்டினார், குடுக்கலை. சீக்கிரம் வா கண்ணு.

2. மருந்துக்கடைக்காரர். கையெழுத்துக்கு மட்டும் சாட்சி, கருத்துக்கு இல்லை.