ரெண்டு கேபிளும் சிவப்பு

என்னங்க,

சாப்பாட்டை சமையல் மேடை மேல மூடி வச்சிருக்கேன். எனக்காகக் காத்திருக்காம சாப்பிட்டுடுங்க. பின்வாசல் சாவி பக்கத்து வீட்டு டெய்லர் அக்காகிட்ட இருக்கு.

போன வாரம் நம்ம கம்ப்யூட்டர்ல லினக்ஸ் போடறேன்னு, அதுல இருக்கற ரெண்டு டிரைவில உங்க டிரைவுக்குப் பதிலா என் டிரைவில போட்டு, நான் வரைஞ்ச வீட்டு பிளான் அத்தனையும் அழிச்சீங்க. நாலு நாளா நான் உங்ககூடப் பேசலை. ஞாபகம் இருக்கும்.

இன்னிக்கு லீவு போட்டு உட்கார்ந்து, என் டிரைவில நானே திரும்ப விண்டோஸ் போட ஆரம்பிச்சேன். "முதல்ல என் டிரைவோட கேபிளைக் கழட்டிடு, அப்பத்தான் தப்பு நடக்காது"ன்னு கதவுக்கு வெளிய நின்னு சொன்னீங்களே, அதே மாதிரி ஒரு கேபிளைக் கழட்டினேன். ரெண்டும் சிவப்பா இருந்தா நான் என்ன பண்றது? கழண்டது என்னோடது.

இப்ப உங்க லினக்ஸ் என் டிரைவில, என் விண்டோஸ் உங்க டிரைவில. ரெண்டும் நல்லாத்தான் ஓடுது. ஆன் பண்ணினா எது வேணும்னு மரியாதையாக் கேக்குது.

உங்க டிரைவில இருந்த, நீங்க எடுத்த பறவைப் படம் எல்லாம் போச்சு. காக்கா மட்டும் பென் டிரைவில பத்திரமா இருக்கு.

பேசாம இருக்கற முறை இனி உங்களோடது. நாலு நாள், கணக்கு சரி.

பி.கு: சாப்பிட்டுடுங்கன்னு மேல எழுதினதை விடுங்க. ஆறரைக்கு வந்துடுவேன். சேர்ந்தே சாப்பிடலாம். பேசாம இருக்கறதை நாளைக்கு ஆரம்பிச்சுக்குங்க.