மலைநாட்டுக் கருமாதிச் சோறு

7 ஜூன் 1956, வியாழன்

ஐஸ் பாக்டரி கம்ப்ரஸரில் இன்னும் அம்மோனியா கசிகிறது. கசிவை அடைக்கும் பாக்கிங்கை மாற்றி மாற்றி அலுத்துவிட்டது. காத்தவராயன் வேலியருகே நின்று வழக்கமான கேள்வியைக் கேட்டான்: "இன்னா அண்ணாத்த, ஐசு இந்த வருசமா, வர்ற வருசமா?" கட்டுமரக்காரன். அவன் பிடிக்கும் மீன் பட்டணம் போய்ச் சேருவதற்குள் நாறிவிடுகிறது. கேட்பதில் தப்பில்லை. ஆனாலும் எரிச்சல்.

மிஷின் பூட்ட வந்திருக்கும் ஸ்டால்டர் சுவிட்சர்லாந்துக்காரர். குளிர்காலத்தில் என்னை அவர் ஊர்ப் பக்கம்தான் பயிற்சிக்கு அனுப்பப் போகிறார்கள். வேலையைக் கற்றுக்கொள்வேன், அதில் பயமில்லை. சோறு? நேராகவே கேட்டேன்: "அங்கே நான் எங்கே சாப்பிடுவது? பன்றி கலக்காமல்?"

மனிதர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார். ரயில் நிற்கும் இடத்தில் ஒரு பெரிய ஹோட்டல் உண்டாம். அது சுற்றுலாக்காரர்களுக்கு, அங்கே காலே வைக்காதே என்றார். மேலே ஏறினால் அவர் அம்மா நடத்தும் சத்திரம். பழைய சாப்பாடு அங்கேதான். பார்லிக் கஞ்சி. வருஷத்துக்கு இரண்டே முறை சுடும் ரொட்டி, அதைக் கோடாலியால் வெட்டுவார்களாம்! சீஸைத் தீயில் காட்டி, உருகியதை உருளைக்கிழங்கின்மேல் வழித்துப் போடுவது. "பன்றி வேண்டாமென்று அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல். அப்புறம் நீ கவலைப்பட வேண்டாம், அவள் கவலைப்படுவாள்."

11 ஜூன்

கசிவு நின்றது. நிற்கும் என்று அவர் சொல்லவில்லை. நான் சொன்னேன்.

14 ஜூன், வியாழன்

ஸ்டால்டருக்குத் தந்தி. அம்மா நேற்று இறந்துவிட்டார். சனிக்கிழமை அடக்கம்.

கப்பலில் போனால் மூன்று வாரம். ஆகாய விமானத்தில் போனாலும் சனிக்கிழமைக்குள் அந்த மலைக்கு ஏற முடியாது. அவரே கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத் தாளை மடித்தார். நான் வால்வைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அவராகவே சொன்னார். அவர்கள் பள்ளத்தாக்கில் கல்யாணத்தன்று ஒரு சீஸ் வட்டை எடுத்து நிலவறையில் வைப்பார்களாம். அவரவர் சாவுக்கு. அடக்கம் முடிந்ததும் அதைத்தான் வெட்டி, வந்தவர்களுக்கெல்லாம் போடுவது. "சனிக்கிழமை அவள் சீஸை வெட்டுவார்கள். நான் இருக்க மாட்டேன்."

எனக்கு ஒன்றும் விசித்திரமாகப் படவில்லை. எங்கள் அம்மாவும் தன் சாவுக்கான கஃபன் துணியை ஜம்ஜம் தண்ணீரில் நனைத்து உலர்த்தி டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறாள். அவரிடம் அதைச் சொல்லியிருக்கலாம்.

நான் கிளம்பும்போது பார்லியும் உருளைக்கிழங்கும் நிறைய வாங்கி வரச் சொன்னார்.

15 ஜூன்

செங்கல்பட்டில் மருந்துக் கடையில்தான் பார்லி கிடைத்தது. "வூட்ல யாருக்கு ஜொரம்?" என்று கேட்டான். நானும் அப்படித்தான் நினைத்தேன், துக்கத்தில் ஸ்டால்டருக்கு உடம்பு சரியில்லை போலும் என்று. அதற்கு எதற்கு இவ்வளவு?

அம்மா கேள்விப்பட்டதும்: "சாவு வூட்ல அடுப்பு எரியக் கூடாதுடா. மூணு நாளிக்கு நம்ம வூட்டுச் சோறுதான், எடுத்துகினு போ."

16 ஜூன், சனி

கேரியரில் சோறும் தாள்ச்சாவும் கொண்டுபோனேன். ஐஸ் பாக்டரிக்குப் பின்னால் அவர் தங்கும் கொட்டகையில் பெரிய பானை கொதித்துக்கொண்டிருந்தது. ஆள் குளிக்கப் போயிருந்தார். நான் வாட்ச்மேன் வரதனைக் கூப்பிட்டு அடுப்பில் தண்ணீர் ஊற்றச் சொன்னேன். ஊற்றிவிட்டான்.

வந்து பார்த்தார். இத்தனை மாதத்தில் அந்த மனிதர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. இன்று கேட்டேன். பார்லி அவருக்கில்லை. ஊருக்கு. சாவு வீடுதான் வந்தவர்களுக்குச் சோறு போட வேண்டுமாம், அது அங்கே வழக்கம். நாங்களோ சாவு வீட்டுக்குச் சோறு கொண்டுபோகிறவர்கள்.

மறுபடி அடுப்பு மூட்டினார். ஈர விறகு, ஒரே புகை. பலகை போட்டுத் தட்டு வைத்தார். வரதன் போய்க் குப்பத்தில் சொல்லி, காத்தவராயன், அவன் மச்சான் தணிகைவேல், மீன் விற்கும் குப்பம்மா, இன்னும் சிலர் வந்தார்கள். வேலிக்கு வெளியே துண்டை இடுப்பில் கட்டி நின்றார்கள். உள்ளே வரவில்லை.

"தீட்டு சார். தண்ணிகூட வாயில வைக்கக் கூடாது" என்றான் வரதன்.

அதை நான்தான் இங்கிலீஷில் சொல்ல வேண்டியிருந்தது. ஸ்டால்டர் என்னைப் பார்த்தார். "நீ?"

நான் டிப்ளமா படித்தவன். தீட்டாவது ஒன்றாவது. தட்டின் முன்னால் உட்கார்ந்தும் விட்டேன். கை போகவில்லை. ஏன் போகலை? எனக்கு இன்னா தெரியும்! போகலை, அவ்ளோதான்.

"எங்கள் ஊரில் சாவுச் சாப்பாட்டை யாரும் சாப்பிடாவிட்டால், செத்தவள் யாருக்கும் வேண்டாதவள் என்று அர்த்தம்" என்றார். கோபமில்லாமல் சொன்னார். கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

அவரும் சாப்பிடவில்லை.

18 ஜூன்

ஸ்டால்டர் அளவுகளைச் சாக்குக்கட்டியால் எழுதியே காட்டுகிறார், வாயால் இல்லை.

19 ஜூன், செவ்வாய்

குப்பம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டாள். "படிச்ச புள்ளதான நீ? நாங்க அந்த அம்மாவ வாணாம்னா சொன்னோம்? அந்த நாளு வாணாம்னு சொன்னோம். பதினாறாம் நாளு, கருமாதி அன்னிக்கி ஆக்கச் சொல்லு. அன்னிக்கி துன்னாம போனாதான் பாவம்."

ஏன் எனக்கு இது தோன்றவில்லை?

ஸ்டால்டரிடம் போய்ச் சொன்னேன். மண் மூடிய அன்றே சாப்பிட வேண்டும், அதுதான் முறை என்றார். இங்கே முறை வேறு என்றேன். "அவள் செத்தது அங்கே." எனக்குப் பொறுமை போய்விட்டது. "சாப்பிடப் போகிறவர்கள் இங்கே" என்று கத்திவிட்டேன்.

சாக்குக்கட்டியை எடுத்துக்கொண்டு, கருமாதி என்ன தேதி என்று கேட்டார்.

28 ஜூன், வியாழன்

காலையிலிருந்து உருளைக்கிழங்கு உரித்தேன். கறி எதுவும் போடாமல் பார்லிக் கஞ்சி. சீஸ் பட்டணத்து டப்பா சீஸ், அவருக்கு அதில் வெட்கம். நான் சாப்பிடலாமா என்று அம்மாவைக் கேட்டிருந்தேன். "மூணு நாளு தாண்டிடுச்சே. ஒருத்தரோட பெத்தவடா, போய்த் துன்னுட்டு வா."

குப்பமே வந்தது. பெண்கள், கிழவர்கள், கைக்குழந்தைகள். உட்கார்ந்தார்கள், ஆனால் யாரும் தொடவில்லை. ஸ்டால்டர் முகம் வெளுத்தது. மறுபடியுமா?

"பேரு சொல்லச் சொல்லு" என்றாள் குப்பம்மா. "யாரு பேர சொல்லித் துன்றது?"

நானே கேட்டதில்லை. இத்தனை நாளும் 'ஸ்டால்டர் அம்மா'தான்.

"கிரசென்சியா." ஸ்டால்டர் சொன்னார். திரும்பச் சொன்னார். குப்பம்மா அவளுக்கு வந்தபடி சொன்னாள், எல்லோரும் சொன்னார்கள். சாப்பிட ஆரம்பித்தார்கள். நானும்.

காத்தவராயன் சீஸை மென்றுவிட்டு, "மச்சான், சவக்காரக் கட்டி மாரி கீதுடா" என்று தணிகைவேல் காதில் சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

"வாய மூடினு துன்னு. கருமாதி சோத்துல ருசி பாக்குறான், துரை!" குப்பம்மா.

ஸ்டால்டர் என்னிடம் கேட்டார், என்ன சொல்கிறான்? சொன்னேன், உள்ளபடி. அந்த மனிதர் சிரித்தார். சிரித்துக்கொண்டே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். கரண்டியை அவர் கையிலிருந்து வாங்கி, மீதியை நான் பரிமாறினேன்.

2 ஜூலை

சத்திரத்தை மூடிவிடுவார்கள், நடத்த ஆளில்லை என்றார் ஸ்டால்டர். இன்னும் மேலே மாடு மேய்க்கிறவர்களின் குடிசைகள் உண்டு, வருகிறவனை அவர்கள் பட்டினியாக அனுப்புவதில்லை, ஆனால் கோடையில்தான். நான் போவதோ குளிர்காலத்தில். பார்க்கலாம்.

11 செப்டம்பர், செவ்வாய்

ஐஸ் தடையில்லாமல் வருகிறது. வாசலில் குப்பம்மாவும் இன்னொருத்தியும் எப்போது பெரிய சுறா விழுந்தது என்று சண்டை. ஆடி மாசம் என்கிறாள் மற்றவள். "ஆடியும் இல்ல, கீடியும் இல்ல. கெரசம்மா கருமாதிக்கு மறுநாளுடி" என்று அடித்துச் சொன்னாள் குப்பம்மா. மற்றவள் யோசித்துவிட்டு, ஆமாம் என்றாள்.

ஸ்டால்டர் பெயரைக் கேட்டு நிமிர்ந்தார். என்ன பேசுகிறார்கள்?

"தேதி பார்க்கிறார்கள்" என்றேன். எப்படிப் பார்க்கிறார்கள் என்றும் சொன்னேன்.

ஐஸ் பாளம் வெளியே வந்தது. வழக்கமாக வரதன் செய்கிற வேலை. இன்று ஸ்டால்டரே தூக்கிக் குப்பம்மாவின் கூடையில் வைத்துவிட்டு வந்தார்.