கித்தான் தூளி

ராயபுரம்
12-8-1951

அன்புள்ள தேவகிருபைக்கு,

கர்த்தர் இம்மட்டும் என்னை நோவில்லாமல் வைத்திருக்கிறார். உனக்குப் பிரசவ அசதி தீர்ந்ததா? மகள் நன்றாகப் பால் குடிக்கிறாளா?

நீங்கள் ரயிலில் வந்து இறங்கியதும் அவளை நானே மார்பில் கட்டித் தூக்கி வருவேன். அதற்கென்று கப்பல் சரக்கு மூடும் கெட்டியான கித்தான் துணி வாங்கினேன். துறைமுகத்தில் பளு கட்டுகிறவனுக்கு முடிச்சுச் சொல்லித்தர வேண்டாம். ஒரு பூசணிக்காயைக் கட்டிக்கொண்டு கடற்கரை வரை நடந்தேன், அசையவில்லை.

பக்கத்து வீட்டு அடைக்கலமேரி அக்காதான் துணியைத் தடவிப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

“இன்னா தம்பி, கொய்ந்தைய கப்பல்லயா ஏத்தப் போறே? தோலு உரிஞ்சிப் பூடும். பொஞ்சாதி கட்டுன பழைய சேலைய அனுப்பச் சொல்லு.”

என் முடிச்சில் குற்றமில்லை, துணியில்தான். நீ உடுத்திய நூல் சேலையை அனுப்பு. துவைக்க வேண்டாம். பிள்ளைக்கு ஒன்று போதும், இரண்டாக அனுப்பு.

வேலைச் சங்கு ஊதிவிட்டது.

உன்
ஞானதுரை