மேகத்தின் நிழல் என்று நான் சொன்ன இடம்

இன்று எட்டாம் வகுப்பில் புரொஜெக்டரைப் போட்டதும் அந்த வாடை வந்தது. விடுமுறை முழுக்க உள்ளே படிந்திருந்த தூசி சூடேறிக் கருகும் வாடை. பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நான் திரைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். ஒவ்வொரு ஜூன் மாதமும் இந்த வாடை வந்ததும், "பள்ளிக்கூடம் தொறந்தாச்சுளா" என்று சொல்வது நீதானே. இந்த வருடம் அதைச் சொல்ல ஆள் இல்லை.

நீ எங்கள் பள்ளிக்கு அறிவியல் ஆசிரியையாக வந்தபோது நான் புவியியல் எடுத்துக்கொண்டிருந்தேன். பள்ளி முழுமைக்கும் இருந்தது இந்த ஒரே புரொஜெக்டர். வெள்ளிக்கிழமை கடைசி வகுப்புக்கு அது எனக்கும் வேண்டும், உனக்கும் வேண்டும். சண்டை தலைமையாசிரியை அறை வரைக்கும் போயிற்று. வெளியே வந்ததும் நீதான் என் கையைப் பிடித்து நிறுத்தினாய்.

"ஏளா, எதுக்கு மல்லுக்கட்டணும்? ரெண்டு வகுப்பையும் ஒண்ணா உக்கார வைப்போம். நீ மேல இருந்து காட்டு, நான் கீழ இருந்து காட்டுதேன்."

அப்படித்தான் தொடங்கியது. விண்வெளியிலிருந்து எடுத்த முழு பூமியை முதலில் காட்டுவேன். பிறகு இந்தியா, பிறகு நம் கரை. கட்டம் கட்டமாக உப்பளங்கள், கடலுக்குள் இரண்டு கைகளை நீட்டியது போலத் துறைமுகம், தாமிரபரணி கலக்கும் இடத்தில் கலங்கிய பழுப்பு. அதோடு என் வேலை முடியும். அங்கிருந்து நீ பிடித்துக்கொள்வாய். ஒரு துளிக் கடல்நீரை நுண்ணோக்கியில் பெரிதாக்கிய படம். அதில் கண்ணாடிச் சிமிழ் போன்ற உயிர்கள். முத்துச்சிப்பியின் உட்புறம், செங்கல் அடுக்கினாற்போல். பிள்ளைகள் வாயைத் திறந்தபடி பார்ப்பார்கள்.

ஆனால் கரையின் படம் வந்தால் போதும், எல்லாரும் தங்கள் வீட்டைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். எனக்கு எரிச்சலாக வரும். "தேடட்டும்ளா" என்பாய் நீ. "தன் வீட்டக் கண்டுபிடிச்ச பெறவுதான் மத்த வீடு கண்ணுக்குத் தெரியும்."

அப்படி வீடு தேடிக்கொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமைதான் அன்சிலா எழுந்தாள். "டீச்சர், துறைமுகத்துக்குத் தெக்க, கடலுக்குள்ள கறுப்பா ஒரு திட்டு தெரியுதே, அது என்னது?"

நான் யோசிக்கவே இல்லை. "மேகத்தோட நிழல்" என்றேன்.

"இல்ல டீச்சர், கப்பல்ல இருந்து கொட்டுன எண்ணெய்" என்றாள் முத்துச்செல்வி.

நீ திரைக்குப் பக்கத்தில் போய் நின்றாய். உன் சேலை மேல் கடல் விழுந்து நீலமானது. வெகுநேரம் பார்த்துவிட்டு, "எனக்கு என்னமோ கடல்புல்லுன்னு தோணுது. ஆனா சத்தியமா தெரியல" என்றாய். தெரியவில்லை என்பதை ஓர் ஆசிரியை அவ்வளவு நிம்மதியாகச் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை.

வகுப்பு மூன்று கட்சியாகப் பிரிந்தது. அடுத்த வாரம் அதே இடத்தின் பழைய செயற்கைக்கோள் படங்களைத் தேடி எடுத்து வந்தேன். படத்துக்குப் படம் மேகங்கள் இடம் மாறியிருந்தன. திட்டு மட்டும் அசையவில்லை. நிழல் தோற்றது, எண்ணெயும் தோற்றது. "அப்ப பாறையா இருக்கலாம்லா?" என்று அன்சிலா விடாமல் கேட்டாள். படத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் கறுப்புச் சதுரங்கள்தான் வந்தன.

"டீச்சர், உங்க ஊரு புன்னைக்காயல்தான? வள்ளத்துல போயிப் பாத்துட்டு வந்து சொல்லுங்க" என்றது ஒரு குரல். வகுப்பே கைதட்டியது. நீ மட்டும் சிரிக்கவில்லை.

சாயங்காலம் பேருந்து நிறுத்தத்தில்தான் சொன்னாய். "தம்பி போன பெறவு நான் வள்ளத்துல கால் வைக்கலளா."

கடலுக்குப் போன உன் தம்பி திரும்பவே இல்லை. உடலும் கிடைக்கவில்லை. ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் அவனுக்கென்று ஒரு குழி கிடையாது. அத்தனை காலம் பக்கத்து நாற்காலியில் இருந்தும் எனக்கு அது தெரியாது. "கடலப் படத்துல பாத்தாப் போதும்னு இருந்துட்டேன். படம் நனைக்காதுல்லா" என்று சிரிக்கப் பார்த்தாய். உன்னால் முடியவில்லை.

தண்ணீருக்குள் படம் எடுக்கும் சின்னக் கேமரா ஒன்றை வாங்கி யாரிடமாவது கொடுத்தனுப்பலாம் என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டுப் போனாய். திங்கட்கிழமை பள்ளி வாசலிலேயே காத்திருந்தாய். "நானே போறேன். ஆனா நீயும் வரணும். தனியா என்னால ஆவாது."

நானோ வயற்காட்டு ஊரில் பிறந்தவள். ஆற்றில்கூட முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை. இருந்தாலும் அந்தச் சனிக்கிழமை காலையில் உன் சித்தப்பா மகன் சூசையின் வள்ளத்தில் இரண்டு பேரும் ஏறினோம். "பயப்படாதிய அக்கா, கடலு இன்னைக்குக் குளம் மாதிரி கெடக்கு" என்றான் சூசை. கரை நகர்ந்ததும் என் மணிக்கட்டைப் பிடித்தாய். உன் இன்னொரு கையில் ஜெபமாலை. உன் நகம் பதிந்த இடம் மறுநாளும் சிவந்திருந்தது. அதை உன்னிடம் சொல்லவில்லை.

சூசை கைப்பேசியில் இடத்தைப் பார்த்து எஞ்சினை நிறுத்தினான். "இங்கனதான் உங்க திட்டு."

தண்ணீர் புகாத அந்தச் சின்னக் கேமராவை ஓர் இரும்புத் துண்டோடு சேர்த்து நைலான் கயிற்றில் கட்டி இறக்கினோம். முதல் முறை வெறும் கலங்கலும் குமிழியும். இரண்டாம் முறை கயிற்றை இன்னும் விட்டோம். மேலே எடுத்து, வெயில் படாமல் என் முந்தானையை இரண்டு தலைக்கும் மேல் போர்த்திக்கொண்டு பார்த்தோம்.

புல். கேமரா திரும்பிய பக்கமெல்லாம் புல். ஒரே பக்கமாகச் சாய்ந்து, பிறகு ஒன்றாக நிமிர்ந்தது. இடையிடையே முள் போல மீன்குஞ்சுகள். தரையில் சிவப்புப் புள்ளி வைத்த ஒரு நட்சத்திரமீன். மேலிருந்து வெயில் கோடு கோடாக இறங்கி எல்லாவற்றின் மேலும் ஆடிக்கொண்டிருந்தது.

"எங்க ஊரு நாத்தங்கால் மாதிரி இருக்குளா" என்றேன்.

நீ கேமராவை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாய். அதையே மறுபடி ஓடவிட்டுப் பார்த்தாய். பிறகு மெதுவாகச் சொன்னாய்.

"அவன் இருட்டுக்குள்ள கெடக்கான்னே இத்தன வருசமா நெனச்சிட்டு இருந்தேன். அங்கன வெயில் போகுதுளா."

சூசை முகத்தைத் திருப்பிக்கொண்டான். நீ குனிந்து இரண்டு கையாலும் கடலை அள்ளி முகம் கழுவினாய். "இன்னொரு தடவ எறக்குல" என்று அவனை அதட்டினாய். பேட்டரி தீரும்வரை இறக்கிக்கொண்டே இருந்தோம். திரும்பும்போது நீ வள்ளத்தின் முனையில் போய் உட்கார்ந்துகொண்டாய். பிடிக்கக் கை கிடைக்காமல் நான்தான் பலகையைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை என் படத்தை முதலில் போட்டேன், பிறகு உன் படம். பின்வரிசைப் பிள்ளைகள் எழுந்து நின்று பார்த்தார்கள். முத்துச்செல்விதான் கடைசியில், "எண்ணெய்க் கட்சி கலைஞ்சிட்டு டீச்சர்" என்றாள். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அந்தப் புல் பூக்குமா என்று அன்சிலா கேட்டாள். "பூக்கும். தண்ணிக்குள்ளேயே பூக்கும்" என்றாய். கடற்பசு அதை மேய வரும் என்றாய். தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "மேல இருந்து கறை மாதிரி தெரிஞ்சது, பக்கத்துல போனா எத்தன உசுருக்கு வீடா இருக்கு பாத்தியளா" என்று மட்டும் சொன்னாய்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் பிள்ளைகளின் ஒரு கேள்வியோடு நாம் கடலுக்குப் போனோம். போகிற வழியெல்லாம் நீ சூசையோடு பாட்டுப் பாடுவாய். நான் வாந்தி எடுப்பேன். நல்ல வருடங்கள் அவை.

போன கிறிஸ்துமஸ் விடுமுறையில் நெஞ்சுவலி என்று மருத்துவமனைக்குப் போனவள், சாயங்காலத்துக்குள் போய்ச் சேர்ந்துவிட்டாய். அடக்கப் பூசையன்று உங்கள் ஊர்க் கோவிலில் இடமில்லாமல் பிள்ளைகள் வெளியே மணலில் நின்றார்கள். அன்சிலா வந்திருந்தாள், இப்போது துறைமுகத்தில் ஒரு கப்பல் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். "இப்பவும் மேப்பத் தொறந்தா மொதல்ல அந்தத் திட்டத்தான் டீச்சர் பாக்கேன்" என்றாள்.

இப்போது இரண்டு பாதியையும் நானே எடுக்கிறேன். மேலிருந்து இறங்கும் பாதி பழையபடி ஓடுகிறது. தண்ணீருக்குள் போனதும் பெயர்கள் தடுமாறுகின்றன. தெரியாததைத் தெரியவில்லை என்று சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளுக்கு அதில் அப்படி ஒரு சந்தோஷம்.

இன்னொன்று சொன்னால் நீ நம்ப மாட்டாய். இந்த வயதில் நீச்சல் பழகுகிறேன். சூசையின் மனைவிதான் என் குரு. கரையில் வலை உலர்த்துகிறவர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்கிறார்கள். போன வாரம் முதன்முதலாக முகத்தில் கண்ணாடியை மாட்டி என் தலையைத் தண்ணீருக்குள் விடச் சொன்னாள். விட்டேன். மணலில் என் கால்கள் யாருடையவோ போல வெளுத்துத் தெரிந்தன. ஒரு நண்டு நின்று என்னைப் பார்த்துவிட்டுக் குழிக்குள் போயிற்று. உப்பு மூக்கில் ஏறியது. காது அடைத்தது. பயமாகத்தான் இருந்தது.

கண்ணை மட்டும் மூடவில்லை.